மலாயாவிலிருந்து வந்த வெள்ளி

திருச்சியிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், சமயபுரம் தாண்டுவதற்குள் என் ஜாதகத்தையே வாங்கிவிட்டார். மலேசியா, க்ளாங், தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், ஒரே மகன் சிங்கப்பூரில். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கடைசியில் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டார். அவர் போய்ச் சில வருஷமாகிறது என்றேன். அம்மாள் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாடாலூரில் இறங்கும்போது மட்டும் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

க்ளாங்கில் இதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை. அவர் இறந்ததும் தாலியையும் மெட்டியையும் நானே கழற்றி வைத்தேன். பொட்டை மட்டும் விடவில்லை. சின்ன வயதிலிருந்து வைத்துக்கொண்டது, எனக்கு அது முகத்தில் ஒரு பாகம். தமிழ்நாட்டில் கால் வைத்த முதல் நாளே அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது எரிச்சலாக இருந்தது. கொய்யாப்பழம் உள்ளே சிவப்பு, நல்ல ருசி. அந்த அம்மாள் மேல் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியவில்லை.

நான் வந்த காரியம் என்னுடையது அல்ல, அப்பாவுடையது. எண்பத்தைந்தைத் தாண்டிய அப்பா க்ளாங்கில் தம்பி வீட்டில் படுக்கையாக இருக்கிறார். அவருடைய தாத்தா முத்துக்கருப்பன் பெரம்பலூர்ப் பக்கத்து ஊரிலிருந்து கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். வரும்போதே ஊரில் அவருக்குக் கல்யாணமாகியிருந்தது. மலாயாவில் காளியம்மாளைச் சேர்த்துக்கொண்டார். நாங்களெல்லாம் காளியம்மாள் வழி.

யுத்தத்துக்கு முன்பே முத்துக்கருப்பன் காய்ச்சலில் செத்துப்போனார். எடுத்துப் போகும் முன் அவர் இடுப்பிலிருந்து கழற்றிய வெள்ளி அரைஞாணையும், இரண்டு புது வேட்டியையும், வெற்றிலைப் பெட்டியையும், மூடியில் மயில் வரைந்த ஒரு தகரப் பெட்டியில் போட்டாள் காளி. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்து ஆளிடம் அதைக் கொடுத்து, ஊரிலிருக்கும் மூத்தவளிடம் சேர்க்கச் சொன்னாள். காளிக்கு எழுதத் தெரியாது. எழுத்து வேண்டியதும் இல்லை. ஆண்பிள்ளை இடுப்பிலிருந்து அரைஞாண் இறங்குவது ஒரே ஒரு தடவைதான். அதைப் பார்த்ததும் மூத்தவளுக்குத் தெரிந்துவிடும்.

பதில் வரவில்லை. அந்த ஆளும் திரும்பவில்லை. ஒரு பெண்ணிடமிருந்து புருஷனையும் எடுத்துக்கொண்டு, அவன் செத்த சேதியையும் சேர்க்காமல் விட்டோமே என்று காளி கடைசிவரை புலம்பிக்கொண்டிருந்தாளாம். அவள் மடியில் வளர்ந்த அப்பாவுக்கு அந்தப் புலம்பல் ஒட்டிக்கொண்டது. போன தீபாவளிக்குப் பிறகு அவர் வேறு பேச்சே பேசவில்லை. ஊரிலிருந்த அந்த மூத்தவள் பெயர் என்ன, சேதி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா, இந்த இரண்டும் தெரிந்தால் போதும் என்றார். தெரியாமல் போனால் மேலே போய் அப்பத்தாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று குழந்தை மாதிரி கேட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இதில் வரும் பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். எந்த ஊர் என்றும் சொல்லப் போவதில்லை. பச்சைமலை தெரிகிற, பூலாம்பாடிக்கு ரொம்பத் தூரமில்லாத ஒரு சிற்றூர். அவ்வளவுதான். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பெரம்பலூர் பெரிய ஊராகிவிட்ட சின்ன ஊர். பஸ் ஸ்டாண்டு எதிரில் தேநீர் வாங்கினேன். எங்கள் ஊரில் தே தாரிக் என்கிற நுரைத்த பால் தேநீரை ஒரு குவளையில் கொடுத்தால் அரை மணி நேரம் உட்காரலாம். இங்கே இரண்டு மிடறு, அதற்குள் சர்க்கரை நாக்கில் அப்பிக்கொள்கிறது. ஆனால் வெங்காய பஜ்ஜியில் எங்களைத் தோற்கடித்துவிட்டார்கள். சின்ன வெங்காயம் விளைகிற பூமி. சாலை ஓரம் வீட்டு வாசல் என்று எங்கே பார்த்தாலும் வெங்காயம் காய்கிறது. ஊரே அதன் வாசனையோடுதான் விடிகிறது.

விடுதிக்காரர் கைகாட்டிய பத்திர எழுத்தரின் பெயரை கோவிந்தராஜ் என்று வைத்துக்கொள்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே ஒரு மேசை. உலகத்தில் எந்த விஷயத்தைச் சொன்னாலும் அதற்கு அவரிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. பெட்டி கொண்டுவந்த ஆளைப் பற்றிச் சொன்னதும், அவன் துறைமுகத்திலேயே வெள்ளியை விற்றுத் தின்றிருப்பான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பாவின் காதில் இது விழவில்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மனு எழுதி, முத்திரை வில்லை ஒட்டி, காத்திருந்து, மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து, மறுபடி காத்திருந்து அன்றைய பொழுது போயிற்று. மறுநாள் நகல்கள் கைக்கு வந்தன. முத்துக்கருப்பன் கப்பலேறுவதற்கு முன் மிராசுதார் ஒருவரிடம் கொஞ்சம் புஞ்சையைக் குத்தகைக்கு எழுதி வாங்கியிருந்தார். நாற்று நடவும் களை எடுக்கவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்கு முதன்முதலாகக் கிடைத்த நிலம். மலாயாவில் சம்பாதித்து வந்து அதையே விலைக்கு வாங்கிவிடுவது அவருடைய கணக்காக இருந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ நானும் என் பையும்தான்.

குத்தகை முடிந்து முடிந்து புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரே வாசகம். மலாய் தேசத்திலிருக்கும் முத்துக்கருப்பன் பேருக்கு, அவன் மனைவி அஞ்சலை கைநாட்டு. அஞ்சலை. பெயர் கிடைத்துவிட்டது. அந்த மேசையிலேயே உட்கார்ந்து க்ளாங்குக்கு போன் போட்டேன். அப்பா அந்தப் பெயரைத் தனக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

கோவிந்தராஜ் சீட்டுகளைப் புரட்டி, யுத்தத்துக்கு அப்புறம்கூட அந்தம்மா புருஷன் பேரில்தான் எழுதியிருக்கிறார்கள் என்று காட்டினார். ஏன் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளவில்லை என்று கேட்டேன்.

“எப்படிங்க மாத்துவாங்க? அந்தக் காலத்துல பொம்பளை பேருக்குக் குத்தகை குடுக்க மாட்டாங்க, டீச்சரம்மா. புருஷன் இல்லன்னு தெரிஞ்சா மறு நாளே ஏரைப் பூட்டிக்கிட்டு வேற ஆளு எறங்கிடுவான். அவரு வருவாரு வருவாருன்னு சொல்லித்தான் அந்தம்மா நெலத்தைப் புடிச்சு வச்சிருக்காங்க.”

எனக்கு அந்தக் கைநாட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. நகலெடுத்ததில் மை கலைந்து வெறும் கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. முத்துக்கருப்பன் செத்துக் கிடந்த காலத்தில், அவர் உயிரோடிருப்பதாக இந்தப் பெண் தன் பெருவிரலை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பாவம், தெரியாமல்தானே என்று நினைத்தேன்.

பிற்காலத்தில் குத்தகைக்காரர்களுக்குப் பாதுகாப்பாகச் சட்டம் வந்து, மிராசுதார் வீட்டாரும் நிலத்தை விற்றபோது, அஞ்சலையே அதை வாங்கியிருந்தாள். அவளுக்குப் பிறகு நிலம் கொழுந்தனார் மகன் ராமசாமிக்குப் போயிருந்தது. ராமசாமி பின்னால் எழுதிய ஒரு பத்திரத்தில், அரியலூரில் பதிவான உயிலின்படி என்று ஒரு வரி. அஞ்சலை பிறந்தது அரியலூர்ப் பக்கம். வயதான காலத்தில் கொஞ்ச நாள் பிறந்த வீட்டுக்குப் போய் இருந்தபோது எழுதியிருக்கலாம், உயிலை எங்கே வேண்டுமானாலும் பதியலாம் என்றார் கோவிந்தராஜ். மறுநாள் அரியலூர்.

அரியலூர்ச் சாலையில் சிமெண்டு ஆலைக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் வரிசை முடிவதே இல்லை. பாதி வழியில் எங்கள் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, பின்னாலேயே வேறு வண்டி வருது, அதுல ஏறிக்கங்க என்றார். பின்னாலேயே வந்ததெல்லாம் லாரிதான். முருங்கை மரத்தடியில் எல்லோரும் நின்றோம். சுண்ணாம்புப் புழுதி எங்கள் மேல் படிந்து, வயசு வித்தியாசமில்லாமல் அத்தனை பேருக்கும் தலை நரைத்துவிட்டது. கல்லூரிப் பெண்கள் ஒருவரையொருவர் பாட்டி என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

அரியலூர் அலுவலகத்தில், உயில் எழுதியவர் இறந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்துச் சாவுக்கு நான் எங்கே போவேன்? ராமசாமியின் பத்திரத்தில் ‘காலஞ்சென்ற அஞ்சலை’ என்று இருந்ததைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்கள். புருஷனுக்கு ஒரு தடவைகூட எழுதப்படாத அந்த வார்த்தை அவளுக்கு எழுதப்பட்டிருந்தது.

உயில் சின்னது. நிலம் முழுவதும் ராமசாமிக்கு. கூடவே ஒரு நிபந்தனை. என் புருஷர் முத்துக்கருப்பன் மலாய் தேசத்திலிருந்து ஊர் திரும்பினால், அவர் காலம் வரையில் மேற்படி நிலத்து வருமானத்திலிருந்து அவருக்குக் கஞ்சியும் துணியும் கொடுத்து வரவேண்டியது.

அலுவலகத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் நின்று அழுதேன். பத்திரம் பதிய வந்த கூட்டம் என்னைப் பார்த்தது. பாகப்பிரிவினையில் ஏமாந்தவள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மண்ணோடு மண்ணாகிப் போனவருக்குக் கஞ்சிக்கு வழி செய்து வைத்துவிட்டுச் செத்திருக்கிறாள் அஞ்சலை. ஆக, சேதி வரவே இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன் தின்றுதான்விட்டான்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்த வாய்க்கு அது வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி மனைவி போனை வாங்கி, மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு அண்ணி, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாரு என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை.

கேட்ட இரண்டும் தெரிந்தாகிவிட்டது. திரும்பியிருக்கலாம். ஆனாலும் அஞ்சலை இருந்த ஊரை ஒரு தடவை பார்க்காமல் விமானம் ஏற மனசு வரவில்லை. காலையில் ஒரு டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லை. மலேசியாக்காரிக்கும் அது உண்டா என்று கண்டக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொம்பளைதானே, குடுய்யா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இலவசச் சீட்டோடு அரும்பாவூர் வரை போய்விட்டேன். இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டதாம். மறுபடி ஒரு பஸ், பிறகு ஒரு ஷேர் ஆட்டோ. இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆளுயரம் நின்றது. தூரத்தில் பச்சைமலை நீலமாகத் தெரிந்தது.

அஞ்சலையின் வீட்டைக் கேட்டதும், பூவாடைக்காரி வூடா என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்குப் புரியவில்லை. ராமசாமியின் பேரன் வீடு என்றேன். ஆமா, அதுதான் என்றார்கள்.

அந்தப் பேரனை ராஜேந்திரன் என்கிறேன். டிராக்டர் வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர் இருக்கும். முறைக்கு எனக்குத் தம்பி. நான் யார் என்று சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொண்டது. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், எதிரில் உட்கார்ந்தார்.

“நெலம் விஷயமா வந்திருக்கீங்களா?”

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். கையில் குத்தகைச் சீட்டும் உயிலுமாக ஒருத்தி வெளிநாட்டிலிருந்து வந்து நின்றால் வேறு என்ன நினைப்பது? எந்தப் பங்கும் வேண்டாம், விடுதலைப் பத்திரம் எழுதினால் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். படுக்கையிலிருக்கும் அப்பா மூத்தவளின் பெயரைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதைச் சொன்னேன். பெட்டியைப் பற்றியும் அதிலிருந்ததைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. வராத பெட்டியைப் பற்றிப் பேசி அவர்களையும் ஏன் வருத்த வேண்டும் என்பதுதான் காரணம். நல்ல வேளை.

அவர் மனைவி செல்வி அதற்குள் சமையலை முடித்திருந்தாள். சின்ன வெங்காயம் போட்ட கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. முந்தின நாள் பட்டினிக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். என் தட்டு காலியாவதைப் பார்த்து ராஜேந்திரனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்க வேண்டும். பத்திரமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாங்க, மொதல்ல சாப்பிடுங்க என்றார்.

சாப்பிட்டதும் சாமி கும்பிட்டுப் போகச் சொல்லி செல்வி என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். கன்னிமூலையில் விளக்கு எரிந்தது. மஞ்சள் பூசிய சுவர், மடித்து வைத்த புதுச்சேலை, கண்ணாடி வளையல், கதம்பம். சுமங்கலியாகச் செத்த பெண்ணை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பூவும் புடவையுமாகப் போனவள் பூவாடைக்காரி. வீட்டில் கல்யாணம் என்றால் முதல் சேலை அவளுக்கு. அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் பெண்ணுக்குத் தாலி. புருஷன் கடல் தாண்டி இருக்கும்போதே மஞ்சள் குங்குமத்தோடு போய்ச் சேர்ந்த அஞ்சலை ஆயாதான் அவர்கள் வீட்டுப் பூவாடைக்காரி.

அந்தச் சேலைக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. துரு ஏறியிருந்தது. மூடியில் மயிலின் கழுத்து மட்டும் இன்னும் நீலமாகத் தெரிந்தது.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பெட்டி ஏது என்று கேட்டேன். மலாயாவிலிருந்து தாத்தா கொடுத்தனுப்பியது என்றாள் செல்வி. அவள் மாமியார் சொன்ன கதை அது. ஊரே காட்டு வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தெற்கத்தி ஆள் ஒருவர் பெட்டியோடு வந்தாராம். ஆயா மட்டும் வீட்டில் இருந்தாராம். வந்தவருக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டார். சாயங்காலம் எல்லோரும் திரும்பியபோது ஆயா புது வேட்டிகளை எடுத்துக் காட்டி, அவர் சுகமாக இருக்கிறார், கொஞ்ச நாளில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றாராம். அதற்குப் பிறகு யுத்தம் வந்தது. கடுதாசி ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை.

செல்வி பெட்டியைத் திறந்தாள். வெற்றிலைப் பெட்டி இருந்தது. மக்கிப்போன வேட்டி ஒன்று இருந்தது. என் கண் அரைஞாணைத் தேடியது. அது இல்லை. ஒரு மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து, கனமான ஒரு ஜோடி மெட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“தாத்தா வெள்ளியும் குடுத்தனுப்பிச்சாராம். அதை உருக்கி ஆயா மெட்டி செஞ்சு போட்டுக்கிட்டாங்க. நம்மூர்லயே ஆசாரி இருந்தாரு. ஆனா அவருகிட்ட குடுக்காம அரியலூருக்கே நடந்து போயி செஞ்சுட்டு வந்தாங்களாம். சாவற வரைக்கும் கழட்டவே இல்ல. எங்க கல்யாணத்துக்கெல்லாம் தாலி கட்டறப்ப இதைத்தான் போடுவாங்க.”

ஊர் ஆசாரியிடம் எப்படிக் கொடுப்பாள்? கொடுத்தால் அவர் அது என்னவென்று பார்த்துவிடுவாரே.

அந்த மத்தியானத்தை நான் அங்கேயே நின்று பார்த்தேன். மூடியைத் திறக்கிறாள். வேட்டிக்கு மேலே சுருண்டு கிடக்கிறது அரைஞாண். பக்கத்தில் ஒருவரும் இல்லை. கதறினால் நிலம் போய்விடும், கொழுந்தனார் பிள்ளைகள் மறுபடி கூலிக்குப் போக வேண்டும். எதிரே பசியோடு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவள் எழுந்து சோறு போட்டிருக்கிறாள். பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் நெற்றியை அழிக்காமல் இருந்திருக்கிறாள், நிலம் கைக்கு வரும்வரை ஒவ்வொரு குத்தகைச் சீட்டிலும் பெருவிரலை வைத்திருக்கிறாள். உயிலில் அவருக்குக் கஞ்சி எழுதியது ஏன் என்று எனக்கு இன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை. கடைசிவரை ஊரை நம்ப வைக்கவா, அல்லது சொல்லிச் சொல்லி அவளுக்கே அவர் உயிரோடிருந்துவிட்டாரா?

என் கணவர் இறந்த அன்று நான் சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு மத்தியானத்து அழுகைகூட அஞ்சலைக்கு இல்லை. மெட்டியை நெற்றியில் ஒற்றியபடி கண்ணை மூடி நின்றுவிட்டேன். சாமி வந்துவிட்டது என்று செல்வி நினைத்திருக்கலாம்.

ராஜேந்திரன் வாசற்படியில் வந்து நின்றார். அவர் முகத்தில் காலையிலிருந்த கடுமை இல்லை. எங்க தாத்தா அங்கே எப்போங்க செத்தாரு, எங்களுக்குச் சேதியே வரல, திதிகூடக் குடுத்ததில்ல என்று கேட்டார். கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. பதில் எனக்குத் தெரியும். தோட்டத்துக் கல்லறையில் பொறித்த வருஷம் அப்பாவுக்கு மனப்பாடம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மடித்த சேலை அப்படியே இருந்தது.

“ஆயாவுக்கு அப்புறம்தாங்க” என்றேன்.

முந்தின நாள் அப்பாவுக்காக வராத பொய், தயங்காமல் வந்தது. அவர் தலையசைத்தார். நம்ம ஆயா குடுத்து வச்சவங்க என்றார்.

கிளம்பும்போது செல்வி குங்குமச் சிமிழை நீட்டினாள். நான் கையை நீட்டாமல் நின்றேன். அவள் பார்வை என் காலுக்குப் போனது. மெட்டி இல்லாத விரல்கள். அவற்றில் வருஷக்கணக்காகப் போட்டிருந்த தடம் இன்னும் போகவில்லை. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸில் வந்த அம்மாள் நினைவுக்கு வந்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். செல்வி மோதிர விரலால் குங்குமம் எடுத்து, என் பொட்டுக்கு மேலே அழுத்தி வைத்தாள்.

பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்தாள். கொஞ்சம் வெங்காயமும் வேர்க்கடலையும் பையில் போட்டுக் கொடுத்தாள். விமானத்தில் வெங்காயத்தை விடுவார்களா என்று நான் கவலைப்பட்டேன். பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவள் மெதுவாகப் பேசினாள்.

“அண்ணி, ஆயாவைக் கடைசியில குளிப்பாட்டி மெட்டியைக் கழட்டுனது எங்க மாமியாதான். எங்கிட்ட அதைக் குடுக்கறப்ப ஒண்ணு சொன்னாங்க. வெள்ளி எங்கேருந்து வந்துச்சுன்னு ரொம்பக் கேக்காத, போட்டுக்கன்னாங்க. நானும் கேட்டதில்ல. இப்பவும் கேக்கல.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் வந்துவிட்டது. இந்த முறை கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் க்ளாங்குக்கு போன் போட்டேன். அப்பா இன்னும் சுவர்ப் பக்கம்தான் திரும்பிப் படுத்திருந்தார். காதில் போனை வைக்கச் சொன்னேன். நேற்று நான் சொன்னது தப்பு, சேதி போய்ச் சேர்ந்திருக்கிறது என்றேன். பெட்டியைக் கண்ணால் பார்த்தேன், மூடியில் மயில் இருக்கிறது என்றேன்.

“அரைஞாண்?”

“அது அவங்க கையிலதான்ப்பா சேர்ந்திருக்கு. யார்கிட்டயும் காட்டல. உருக்கி மெட்டி செஞ்சு போட்டுக்கிட்டாங்க. கடைசி வரைக்கும் கழட்டல.”

அப்பாவுக்கு அதற்கு மேல் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி பதறி, மெதுவா மாமா, நான் பிடிக்கிறேன் என்றாள். அவர் இந்தப் பக்கம் திரும்புகிறார். அந்த அறையில் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் காளியம்மாளின் படம் மாட்டியிருக்கிறது. போன் எங்கோ மெத்தையில் விழுந்திருக்க வேண்டும். அப்பாவின் குரல் தூரத்திலிருந்து வந்தது. என்னிடம் பேசவில்லை.

“அப்பத்தா, ஒன் பெட்டி போய்ச் சேந்துருச்சாம்.”